நிழலும் நோயும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. இன்று அம்மரபினின்றும் சிறிது விலகி, நம் வீடுகளில் அலமாரிக்குள்ளும் தலையணைக்கு அடியிலும் மறைத்து வைக்கப்படுகின்ற ஒரு தாளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். மூளையைப் படமெடுத்த பின் நம் கையில் தரப்படும் ஸ்கேன் அறிக்கையே அத்தாள். யான் மருத்துவன் அல்லன். எஸ்டேட் பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்தால் பல ஆண்டுகளாக இத்தாள்கள் என்னிடம் வந்து சேர்கின்றன. கொண்டு வருவோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், இதிலே என்ன எழுதியிருக்கு? பயப்படும்படியா ஏதாவது இருக்குதுங்களா?"

அக்கேள்விக்கு விடை கூறும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அக்கேள்வியை யாரிடம், எவ்வாறு, எவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்பதை ஓரளவு கற்றிருக்கின்றேன். அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு முதலிய மலைப்பகுதிகளில் இருப்போரும், பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி முதலிய இடங்களில் இருப்போரும் பிழைப்பை எல்லைக்கு இப்புறமும் உறவை அப்புறமுமாக வைத்து வாழ்கின்றோம். எஸ்டேட் டிஸ்பென்சரியில் தொடங்கும் வைத்தியம் ஒரு சமயம் கோட்டயத்திற்குப் போகின்றது. மறு சமயம் போடிமெட்டு இறங்கித் தேனிக்கும் மதுரைக்கும் போகின்றது. கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்குக் கோயம்புத்தூரே கைக்கெட்டிய நகரம். படம் ஓரூரில் எடுக்கப்படுகின்றது. அதைப் பார்த்து மருந்து எழுதுபவர் வேறோர் ஊரில் இருக்கின்றார். நோயாளி தமிழில் சொல்கின்றார். மருத்துவர் மலையாளத்தில் கேட்கின்றார். அறிக்கையோ ஆங்கிலத்தில் இருக்கின்றது. அரசுக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு அளித்திருக்கின்றது. எனினும் மருத்துவ அறிக்கை எந்த மாநிலத்திலும் ஆங்கிலத்தை விட்டு இறங்கி வருவதில்லை. இம்மூன்று மொழிகளுக்கு இடையே நோயின் வரலாறு வழியிலேயே சிந்திப் போக, கடைசியில் தாள் மட்டும் மிஞ்சுகின்றது. மிஞ்சியதையே நோய் என்று எண்ணி அஞ்சுகின்றோம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இங்கே வெளுத்ததும் பேயாகத் தோன்றுகின்றது!

ஆகவே, அந்தப் படம் எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் அறிந்து கொள்வோம். 1895-இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். கையெலும்பும் விலாவெலும்பும் படத்தில் விழுந்தன. ஆனால் கெட்டியான மண்டையோட்டுக்குள் மென்மையாக இருக்கும் மூளை, சாதாரண எக்ஸ்ரே படத்தில் புலப்படவில்லை. அதற்கு வழி கண்டவர் ஹௌன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். இசைத்தட்டுகளுக்குப் பெயர் பெற்ற இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு புள்ளியும் கதிரை எவ்வளவு தடுக்கின்றது என்பதைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, அக்கணக்கையே படமாக்கினார். 1971 அக்டோபர் 1-ஆம் நாள் லண்டனில் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. 1979-இல் ஹௌன்ஸ்ஃபீல்டும், இதன் கணக்கை முன்னரே தனியாக ஆராய்ந்திருந்த ஆலன் கார்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். இதுவே சி.டி. ஸ்கேன். அந்தக் கணக்கில் தண்ணீருக்கு மதிப்பு 0. காற்றுக்கு மைனஸ் 1000. எலும்புக்குப் பல நூறுகள். மதிப்பு ஏற ஏறப் படத்தில் வெளுக்கும். இறங்க இறங்கக் கறுக்கும். எம்.ஆர்.ஐ. என்பது வேறு வகை. அதில் எக்ஸ் கதிர் இல்லை. வலிய காந்தத்தைக் கொண்டு, உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சைகையைப் பிடித்துப் படமாக்குகின்றனர். இம்முறைக்காக லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு ஆகிய இருவர்க்கும் 2003-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வளவும் ஏன் கூறினேன்? எந்திரம் காண்பது கனத்தையும் நீரின் தன்மையையுமே என்பதை உணர்த்துவதற்காகத்தான். நோய் இன்னது என்று அது காண்பதில்லை. சி.டி. படத்தில் எலும்பும் வெள்ளை. புதிதாகக் கசிந்த இரத்தமும் வெள்ளை. பல ஆண்டுகளுக்கு முன் ஆறிப்போன புண்ணில் படிந்த சுண்ணாம்பும் வெள்ளை. எம்.ஆர்.ஐ. படத்தின் சில வகைகளில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட இடமும், வீக்கமும், அழற்சியும், முதுமையின் தேய்வும் ஒன்றுபோல வெளுத்துத் தோன்றும். ஒரே நிழலை எத்தனையோ பொருள்கள் வீழ்த்தக்கூடும். எந்தப் பொருள் என்று உணர்பவர் மருத்துவரே. அவர்க்கும் நிழல் மட்டும் போதாது.

இனி அறிக்கையின் மொழிக்கு வருவோம். பெரும்பாலான அறிக்கைகளில் முதலில் எதற்காகப் படமெடுக்கப்பட்டது என்பதும், பிறகு எம்முறையில் எடுக்கப்பட்டது என்பதும், அதன்பின் கண்டவை யாவை என்பதும் இருக்கும். கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று சில வரிகள் இருக்கும். அச்சொல்லின் பொருள் 'கருத்து' என்பதே, 'தீர்ப்பு' என்பதன்று. அறிக்கையை எழுதும் கதிரியல் மருத்துவர் பல சமயங்களில் நோயாளியைப் பார்த்தே இருக்க மாட்டார். 'தலைவலி' என்றோ 'வலிப்பு' என்றோ ஒரு சொல் எழுதிய சீட்டு மட்டுமே அவரிடம் வந்திருக்கும். அதனால்தான் இறுதியில் 'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று அவர் எழுதுகின்றார். "நான் நிழலைச் சொன்னேன், நோயாளியை நேரில் சோதித்தவர் இதனோடு அதனைப் பொருத்திப் பார்க்கட்டும்" என்பதே அதன் கருத்து. பலர் அவ்வரியைப் படிக்காமலே விட்டுவிடுகின்றனர். அறிக்கையிலேயே மிக நேர்மையான வரி அதுதான்.

வேறு சில சொற்கள் காதில் விழும் ஒலியாலேயே நம்மை மருட்டுகின்றன. 'ஹைபர்டென்ஸ்', 'ஹைபர்இன்டென்ஸ்' என்பவற்றைப் படித்து, இரத்தக் கொதிப்பைச் சொல்லும் 'ஹைபர்டென்ஷன்' என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. முதல் இரண்டும் 'வெளுத்துத் தெரிகின்றது' என்ற பொருளையே தருவன. 'லீஷன்' என்றால் மாறுபட்டுத் தெரியும் ஓரிடம். புற்றுநோய் என்று அதற்குப் பொருள் இல்லை. நோயின் பெயருக்கு முன் கேள்விக்குறி இருந்தால், அது ஐயம். மூன்று நான்கு நோய்களின் பெயர்கள் வரிசையாக இருந்தால் அவை அனைத்தும் நமக்கு இருக்கின்றன என்பதில்லை. அவற்றுள் ஒன்றாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்பதே பொருள். 'அன்ரிமார்க்கபிள்' என்ற சொல்லைக் கண்டு, நம்மைப் பொருட்படுத்தவில்லையே என்று வருந்த வேண்டா. குறிப்பிடத்தக்க குறை எதுவும் இல்லை என்ற நற்செய்தி அது. 'மிட்லைன் ஷிஃப்ட் இல்லை' என்பதும் நற்செய்தியே. மூளையின் நடுக்கோடு ஒருபுறம் தள்ளப்படவில்லை என்பது அதன் பொருள்.

முதியோரின் அறிக்கைகளில் 'அட்ராஃபி' என்றும், 'ஸ்மால் வெஸல் இஸ்கீமிக் சேஞ்சஸ்' என்றும் அடிக்கடி காண்கின்றோம். முன்னது வயதோடு வரும் சுருக்கம். முடி நரைப்பதுபோல மூளையும் வயதில் சிறிது சுருங்குகின்றது. அதனாலேயே நினைவு தப்பிவிடும் என்று முடிவு செய்யலாகாது. பின்னது நுண்ணிய இரத்தக் குழாய்களில் நேர்ந்த தேய்வைக் குறிப்பது. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் புகைப்பழக்கமும் அதனை வளர்க்கும். இதைக் கண்டு அஞ்சவும் வேண்டா, அலட்சியம் செய்யவும் வேண்டா. கொதிப்பையும் சர்க்கரையையும் அளவில் வைத்துக்கொள்ளுமாறு நமக்கு விடுக்கப்பட்ட நினைவூட்டல் என்று கொள்வோமாக.

தேடாதது கிடைப்பதும் உண்டு. ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில், பொதுமக்களுள் 2000 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்து ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். அவர்களின் சராசரி வயது 63. தம்மையறியாமலே மூளையில் சிறு இரத்தத் தடை ஏற்பட்ட தழும்பு நூற்றுக்கு 7 பேரிடம் இருந்தது. இரத்தக் குழாய்ப் புடைப்பு 100-க்கு 1.8 பேரிடமும், தீங்கற்ற கட்டி 1.6 பேரிடமும் காணப்பட்டன. இவர்கள் நம்மைப்போல நடமாடி வாழ்ந்து கொண்டிருந்தவர்களே. ஆகவே, தலைவலிக்குப் படமெடுத்தபோது ஏதோ ஒன்று தெரிந்தால், அதுவே தலைவலிக்குக் காரணம் என்று உடனே முடிச்சுப் போடுதல் ஆகாது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பதே முறை.

அன்பர்களே! நிழலைக் கண்டு நோயைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் வேலூரே சான்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை 1949-இல் தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கேரளத்திற் பிறந்து, கனடா நாட்டின் மான்ட்ரீல் நகரில் பேரறிஞர் பென்ஃபீல்டிடம் பயின்று, தமிழகத்தில் பணி புரிந்தவர். எல்லையின் இரு பக்கத்தார்க்கும் சொந்தமானவர் அவர்.

சி.டி. ஸ்கேன் நம் நாட்டிற்கு வந்தபின் ஒரு புதிர் தோன்றியது. நல்ல உடல்நலத்தோடு இருந்த இளைஞர்களும் சிறுவர்களும் திடீரென வலிப்புக் கண்டு வருவார்கள். படத்தில் ஒரேயொரு சிறு புள்ளி தெரியும். மருந்து ஊசி போட்டு எடுத்த படத்தில் அது மோதிரம்போல் வளையமாக ஒளிரும். அறிக்கையில் 'ரிங் என்ஹான்ஸிங் லீஷன்' என்று எழுதப்படும். காசநோய் மலிந்த நாடாகையால், பலர் இதனைக் காசநோய்க் கட்டி என்றே கொண்டு, மாதக் கணக்கில் காசநோய் மருந்துகளைக் கொடுத்தனர். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் புள்ளி மறைந்திருக்கும். மருந்து வென்றது என்று மகிழ்ந்தனர். ஆனால் வலிப்பு மாத்திரை மட்டும் உண்டவர்களிடமும் அப்புள்ளி மறைந்தது! அப்படியானால் அது காசநோய்தானா என்ற ஐயம் எழுந்தது.

வேலூரில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் இப்புதிரை நேரே ஆராய்ந்தனர். படத்தின் துணையால் இடத்தைத் துல்லியமாகக் குறித்து, அப்புள்ளியின் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். பெரும்பாலானவற்றில் கண்டது காசநோய் அன்று. பன்றியின் நாடாப்புழுவினது இளம்பருவம், மூளைக்குள் வந்து தங்கி மடிந்து கொண்டிருந்த நிலை. இம்முடிவு 1989-இல் லான்செட் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. புழு மடிந்து உடலால் துடைக்கப்படும்போது புள்ளியும் தானே மறைகின்றது என்பது விளங்கியது.

ஆனால் ஒவ்வொரு நோயாளியின் மண்டையையும் துளையிட்டுப் பார்க்க இயலுமா? ஆகவே அவர்கள் சில அடையாளங்களை வகுத்து, அவை மெய்யா என்று சோதித்து, 1997-இல் வெளியிட்டனர். புள்ளி ஒன்றே இருக்க வேண்டும். அதன் அளவு 20 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. மூளையின் நடுக்கோட்டைத் தள்ளும் அளவு வீக்கம் இருத்தலாகாது. இவை படத்தில் காண்பவை. நோய் வலிப்பாகவே தொடங்கியிருக்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் மிகுந்ததற்கான அடையாளம் நீடித்து இருத்தலாகாது. கைகால் நாளுக்கு நாள் தளர்ந்து வருதல் கூடாது. உடலில் வேறெங்கும் காசநோயோ புற்றுநோயோ இருத்தலாகாது. இவை யாவும் படத்திற்கு வெளியே இருப்பவை.

இவ்விடத்தை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். அடையாளங்களுள் பாதிக்கு மேற்பட்டவை நோயாளியின் வாய்ச்சொல்லிலும் உடலிலும் இருக்கின்றன. அவற்றை மருத்துவர்க்கு யார் தர முடியும்? நோயாளியும் அவருக்குத் துணை நிற்போருமே தர முடியும். இப்பொருத்தம் தெரிந்தபின், தேவையற்ற அறுவையினின்றும் காசநோய் மருந்துகளினின்றும் பலர் தப்பினர். அம்மருந்துகள் தேவைப்படுவோர்க்கு அமுதம். தேவையற்றோர்க்கு ஈரலைக் கெடுக்கவும் கூடியவை. அதே சமயம், எல்லா வளையமும் புழுவன்று. காசநோயாகவும் கட்டியாகவும் இருப்பன உண்டு. ஆகவேதான் குறித்த மாதத்தில் மறுபடம் எடுத்துப் பார்க்கச் சொல்கின்றனர். வலிப்பு நின்றுவிட்டதே என்று அதைக் கைவிடலாகாது.

நிற்க. இந்நோய் பன்றியிறைச்சி உண்போர்க்கே வரும் என்று நம்மவர் பலர் நம்புகின்றனர். அது பிழை. நாடாப்புழுவை வயிற்றில் கொண்ட ஒருவரின் மலத்திலுள்ள முட்டைகள், கழுவாத கையாலும் தூய்மையற்ற நீராலும் பச்சைக் காய்கறிகளாலும் மற்றவர் வாய்க்குள் போவதே மூளையில் புழு தங்குவதற்குக் காரணம். புலால் உண்ணாதவர்க்கும் அது வரலாம். கழிப்பறையும் சோப்பும் சுத்தமான குடிநீருமே அதற்கு வேலி.

இனி, இதற்கு நேர்மாறான ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அறிக்கை 'நார்மல்' என்றிருந்தால் நோயே இல்லை என்று பொருளாகாது. வலிப்பு நோயுள்ள பலருக்குப் படம் இயல்பாகவே இருக்கும். படம் நன்றாக இருக்கின்றது என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது பேராபத்து. அவ்வாறே, இரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தின் முதல் சில மணி நேரத்தில் சி.டி. படம் மாறுதல் இன்றித் தோன்றக்கூடும். முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தாளுக்கும் படத்திற்கும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தொடங்கிய 4½ மணி நேரத்திற்குள் போடுவதே வழக்கம். எவ்வளவு முந்துகின்றோமோ அவ்வளவு நன்மை. மலையிலிருந்து இறங்கவே பொழுது பாதி போய்விடும் நமக்கு, விடியட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை. நோய் தொடங்கிய மணியைக் குறித்துக் கொண்டு போவதும் இன்றியமையாதது.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்திருக்கின்றார். ஆகவே நோயாளிக்கும் துணைவர்க்கும் கடமைகள் உண்டு. அவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன்.

முதலாவது, அறிக்கைத் தாளோடு படத்தையும், கொடுத்தால் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எல்லை தாண்டிச் செல்லும்போது பழைய படங்களையும் உடன் கொண்டு செல்லுங்கள். புள்ளி வளர்ந்ததா, சுருங்கியதா என்பதைப் பழைய படம் ஒன்றே சொல்லும்.

இரண்டாவது, நோயின் வரலாற்றைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். எந்நாள் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தக் கை இழுத்தது, நினைவு தப்பியதா, என்ன மருந்துகள் உண்கின்றார் என்பவை போதும். வலிப்பு வந்தபோது நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. கண்ணால் கண்டவரே உடன் செல்ல வேண்டும். மலையாளம் நன்கு அறிந்த ஒருவர் கூட இருப்பின் இன்னும் நன்று.

மூன்றாவது, மருத்துவரிடம் நான்கு கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். என் தொல்லைக்கும் இப்படத்தில் கண்டதற்கும் தொடர்பு உண்டா? வேறு எவையாக இருக்கலாம்? இப்போது செய்ய வேண்டியது என்ன? மறுபடியும் எப்போது படமெடுக்க வேண்டும்? இவற்றைக் கேட்பது அவமரியாதை என்று தயங்க வேண்டா. அறுவை வேண்டும் என்று சொல்லப்பட்டு, அவசரம் இல்லாதிருந்தால், வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நம் உரிமை.

நான்காவது, அறிக்கையை ஊரார்க்கெல்லாம் காட்டி ஆளுக்கொரு பொருள் கேளாதீர்கள். குறிப்பாக, வலிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு பெண்ணின் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக நம் சமூகம் பேசுகின்றது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு ஒரு தடையாக வைக்கப்பட்டிருந்தது. 1999-இல் நாடாளுமன்றம் அச்சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கிற்று. சட்டம் விட்டதை நாம் இன்னும் பிடித்துக் கொண்டிருக்கலாமா? சில மாதங்களில் மறையக்கூடிய ஒரு புள்ளிக்காகப் பெண்ணின் படிப்பை நிறுத்துவதும், தாளைத் தலையணைக்கு அடியில் ஒளித்து மருத்துவரிடம் போகாதிருப்பதும் நோயினும் கொடிய துன்பங்கள்.

அன்பர்களே! படம் எடுப்பது எந்திரம். நிழலை எழுதுவது ஒருவர். மருந்து தருவது மற்றொருவர். இம்மூன்றையும் ஒன்றாகக் கோக்கும் நூல் நோயாளியின் வரலாறு. அதனை அறிந்தவர்கள் நாம் மட்டுமே. இக்குடியிருப்பில் இரு மொழியும் ஆங்கிலமும் அறிந்த இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். மருத்துவமனைக்குப் போகும் முதியவர்க்கும் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு நாள் துணையாகச் சென்று, வரலாற்றை எழுதித் தரவும், நான்கு கேள்விகளைக் கேட்டு விடையைத் தமிழில் குறித்துத் தரவும் அவர்கள் முன்வருவார்களாயின், நம் சங்கம் செய்யும் தமிழ்த் தொண்டுகளுள் அதுவும் ஒன்றாகும்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!